சமதூரம்

இரவு ஷிப்டு. கெத்தை மின்நிலையம்.
பன்னிரண்டு நாற்பதுக்குத் தொலைபேசி அலறியது:
"கூடங்குளத்துல ஒரு யூனிட் டிரிப்.
மூணாம் மெஷினை எடுங்க, சீக்கிரம்."

அதிர்வெண் ஐம்பதிலிருந்து நழுவி
நாற்பத்தொன்பது புள்ளி ஏழில்
தத்தளித்துக்கொண்டிருந்தது.
திறந்துவிட்டேன்.
அவலாஞ்சியில் ஆகஸ்டில் பெய்த மழை
குழாய்க்குள் தலைகுப்புற இறங்கி
மதுரையில் எவரோ ஒருவரின் மின்விசிறியை
நிற்கவிடாமல் பிடித்துக்கொண்டது.

பதினெட்டு வருஷமாய் இதுதான் என் சம்பளம்.
அங்கே அணு தடுக்கினால்
இங்கே தண்ணீர் விழ வேண்டும்.

ஒன்றரைக்குத் தேநீர். செல்போனில்
தலவாக்கலையிலிருந்து தவமலரின் குரல்பதிவு.
சித்தப்பா மகள். நேரில் பார்த்தது ஒரே முறை.
"அண்ணே, இன்னைக்கும் லைட் இல்ல.
மெழுகுதிரியில புள்ள கணக்குப் போடுது.
இங்க இருந்த அருவியைக் குழாயில போட்டாங்க,
அதுவும் பத்தலையாம்.
ஒங்க அணு கரண்ட் ஒழுங்கா வருதா?"

பாத்திர மூடி ஒன்று விழுந்து உருளும் சத்தம்.
பிறகு தணிந்த குரலில்,
"அது கசிஞ்சா இங்கிட்டு வருமாண்ணே?
கடலோரமா கதிர் பாக்குற பெட்டி வச்சிருக்காங்களாம்.
கரண்ட் ஒங்களுக்கு,
பெட்டி எங்களுக்கு."
சொல்லிவிட்டுச் சிரித்தாள்.
சிரிப்பு முடியுமுன் பதிவு முடிந்தது.

காலையில் மஞ்சூர் வீட்டில்
மகளின் பழைய அட்லஸில் ஸ்கேல் வைத்தேன்.
உலையிலிருந்து மஞ்சூர் மூன்றரை சென்டிமீட்டர்.
உலையிலிருந்து தலவாக்கலை
மூன்றரை.
ஒரு கோடு கூடக்குறைய இருக்கலாம்,
கண்ணாடி போட்டிருக்கவில்லை.

அறுபத்து நான்கில் இரண்டு தலைநகரங்கள்
எங்களைப் பங்குபோட்ட கணக்கு ஏழுக்கு நாலு.
ஏழு பேர் இந்தியாவுக்கு,
நாலு பேர் இலங்கைக்கு.
எங்கள் வீட்டில் அது ஆறுக்கு ஐந்தானது;
மிச்சத்தை எவர் வீட்டில் நேர்செய்தார்களோ.
அப்பா கப்பலேறினார்.
மண்டபம் முகாம், கம்பளி, முத்திரை, பிறகு இந்த மலை.
சித்தப்பா அதே லயத்தில், அதே இலக்க அறையில்.
அங்கே கொழுந்து.
இங்கேயும் கொழுந்துதான்.

தலை வாரிக்கொண்டே நிரஞ்சனா சொன்னாள்,
கல்லூரியில் அவளுக்கு இயற்பியல்:
"யுரேனியம் பெரும்பாலும் சரிபாதியா உடையாதுப்பா.
ஒரு துண்டு பெருசு, ஒரு துண்டு சிறுசு.
எல்லாத் துண்டையும் பொறுக்கி நிறுத்தாலும்
முன்ன இருந்ததைவிட எடை கொஞ்சம் குறையும்.
அந்தக் குறைதான் கரண்ட்."

கப்பலுக்கும் முகாமுக்கும் நடுவில்
அத்தையின் கைக்குழந்தை ஒன்று
இரண்டு பட்டியலிலும் இல்லாமல் போனது.
பெயர் வைத்திருக்கவில்லை.

பன் சுற்றி வந்த செய்தித்தாளில்
வங்கதேசம் ஆற்றங்கரையில் உலை கட்டுகிறது.
நேபாளம் ஆற்றையே நம்பியிருக்கிறது.
இலங்கை யோசிக்கிறது,
எண்ணெய்க் கறைக்கு அடியில் இன்னும் ஏதோ.
யோசிக்கட்டும்.
யோசிக்கும் நாட்டில் மெழுகுதிரி உருகுகிறது.
முடிவெடுத்த நாட்டில்
நான் இரவெல்லாம் முள்ளைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன்.
இதில் எது புத்திசாலித்தனம் என்று
யாராவது என்னைக் கேட்டால்
ஷிப்டு மாறிவிட்டது என்பேன்.

தவமலருக்கு மூன்று முறை பேசி
மூன்றையும் அழித்தேன்.
'வராது' என்று சொல்ல நான் யார்?
'வரும்' என்று சொன்னால்
இந்த மாதச் சம்பளத்தை எந்தக் கையால் வாங்குவேன்?

கடைசியில் தட்டச்சு செய்தது இவ்வளவுதான்:
"மூணரை சென்டிமீட்டர்மா."
உடனே கேட்டாள்: "எனக்கா, ஒங்களுக்கா?"

பதில் எழுதும்போது
போனில் நாலு சதவீதம் இருந்தது.
சார்ஜரைச் செருகினேன். விளக்கு வரவில்லை.
நேற்றே ஒலிபெருக்கியில் சொல்லிப் போனார்களாம்:
பராமரிப்புப் பணி, மஞ்சூர் சுற்றுவட்டாரத்தில்
ஒன்பது முதல் இரண்டு வரை.