ஒரு விரல் சாய்வு

கத்தி வைப்பதற்கு முந்தின மாலை
டாக்டர் ஐலர்ட் என் கட்டிலோரம் உட்கார்ந்து
சாப்பாட்டுச் சீட்டின் பின்பக்கம்
ஒரு தொடையெலும்பு வரைந்தார்.
மேல்பாதியை அடித்தார்.
"இது போகும். கட்டியோடு சேர்த்துப் பதினாறு சென்டிமீட்டர்.
அந்த இடத்தில் உலோகம்."

உலோகம் சரி. தசை?
பதினெட்டு வருஷமாய் ஃபெர்ரியில் கயிறு வீசுகிறவள் நான்.
எதை எதில் கட்டப்போகிறார்கள் என்றுதான்
முதலில் கேட்பேன்.

அவர் சிரிக்கவில்லை. பேனா முனையால் காட்டினார்:
இடுப்புப் பக்கத்தில் விசிறியாய் விரிந்து
கீழே குவிந்து இறங்கும் தசை,
அது கவ்விக்கொண்டிருக்கும் எலும்பு முனை.
"கட்டி அதுவரை வரவில்லையென்றால்
ஒரு சில்லு எலும்பைத் தசையோடு விட்டுவைப்பேன்.
தசைக்கு உலோகத்தைத் தெரியாது.
தன் எலும்பைத் தெரியும்.
சில்லை உலோகத்தில் பதித்துக் கம்பியால் இறுக்குவேன்."

தளர்வு எவ்வளவு விடுவீர்கள், என்றேன்.
பெர்கன் துறையில் கடல்
ஒரு மீட்டர் போல ஏறும், இறங்கும்.
அளந்து தளர்த்தாத கயிறு
நடுராத்திரியில் தூணைப் பிடுங்கும்,
இல்லை, அறும்.

"தளர்வே கிடையாது," என்றார்.
எழுந்து கதவுவரை போய்,
"காலை விரித்து வைத்து இழுத்துக் கட்டுவேன்.
மிச்சம் உங்கள் உடம்பு."

மிச்சம் என்றால் இது:
கால்களுக்கு நடுவே முக்கோண நுரைத் தலையணை.
இடுப்பைச் சுற்றிப் பிளாஸ்டிக் கவசம். ஜன்னலில் மழை,
மழைக்குப் பின்னால் இன்னொரு மழை.
தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடுமாம்.
ஆடக்கூடாது. ஆறு வாரம்.
பக்கத்துக் கட்டில் தூர்டிஸ் காபியைக் கவிழ்த்தபோது
கை தாவியது, தோள் தாவியது,
இடுப்பை மட்டும் பல்லைக் கடித்துப் பிடித்துவைத்தேன்.

எக்ஸ்ரேயில் சில்லு
இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்திருந்தது.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
அடுத்த மாதம்: அதே இரண்டு.
அந்த "அதே"யை அன்று முழுக்க
மிட்டாய் போல வாயில் ஒதுக்கிவைத்திருந்தேன்.

இன்று கண்ணாடி முன்னால்.
கண்ணாடியில் இடுப்புக்கு நேரே சிவப்பு நாடா.
"வலது காலைத் தூக்குங்கள்," என்கிறாள் பிசியோ ஸிக்னி.
கம்பியை நம்பி, சில்லை நம்பி,
பெயர் தெரியாத யாரோ உருக்கிய உலோகத்தை நம்பி
இடது காலில் நின்றேன்.
வலப்பக்கம் இறங்கியது.
ஒரு விரல்.
அங்கேயே நின்றது.

ஸிக்னி தாளில் எழுதினாள்: சாய்வு.
தளர்வு என்று எழுது, என்றேன்.
அவளுக்குப் புரியவில்லை.
"இன்னொரு முறை," என்றாள்.