கேத்தி வேகம்

பம்பாய்க்காரர்கள் கொண்டுவந்த பெட்டிக்குள்
மூன்றாம் நாளே பனி இறங்கிவிட்டது.
பேட்டரியில் ஓடுகிற சீமைப் பெட்டி.
துடைத்தார்கள், அடுப்பருகே வைத்தார்கள்,
ஒருவர் தேங்காய்கூட உடைத்தார்.
அப்புறம்தான் குன்னூருக்கு ஜீப் அனுப்பி
ரூபி சவுண்ட் சர்வீஸைக் கேட்டார்கள்.
ரூபி என் முதலாளியின் மகள்.
சர்வீஸ் நான்.

கல்யாணம், கட்சிக் கூட்டம், மாதா கோயில் தேர்
எல்லாம் பார்த்த டேப் ரிக்கார்டரை
கேத்தி பாலாடாவில் கேரட் மேட்டில் இறக்கினேன்.
பம்ப்செட் கொட்டகையிலிருந்து கம்பி.
கூம்பு ஸ்பீக்கர் இரண்டு,
ஒன்று பள்ளத்தைப் பார்த்து.

பாட்டு முழுசாக ஒருமுறைகூட ஓடவில்லை.
நாலு வரி. நிறுத்து. பின்னால் சுற்று.
மறுபடி அதே நாலு வரி.
மூன்றாம் சரணத்தை முதல் நாள் எடுத்தார்கள்,
வெயில் அங்கேதான் இருந்ததாம்.
பல்லவி வியாழக்கிழமை, மஞ்சு கலைந்த பிறகு.
பாடியவர் பம்பாயில் தூங்கிக்கொண்டிருப்பார்;
அவர் மூச்சு இழுக்கிற சத்தம்
எதிர்மலையில் பட்டுத் திரும்பி
ஓடையில் கேரட் கழுவுகிறவர்கள் தலையில் விழும்.

கழுவுகிறவர்களில் மாதி இருந்தாள்.
தலைமன்னாரில் கப்பலேறி வந்த புஷ்பகாந்தி இருந்தாள்.
இந்தி இருவருக்கும் தெரியாது. எனக்கும்தான்.
நாற்பது தடவை கேட்டால் மொழி எதற்கு?
சனிக்கிழமை பார்க்கிறேன்,
'தில்' வருகிற இடத்தில்
இருவரும் சாக்கை உதறுகிறார்கள்,
தாளம் தப்பாமல்.

நாலு மணிக்கு ஊசி ஃபேக்டரியில் ஷிப்ட் மாறும்.
அங்கே மிஷின்கள் எழும்,
இங்கே கரண்ட் உட்காரும்.
டேப் சோர்ந்து சுற்றும்,
பாட்டு அரைக்கட்டை கீழே வரும்.
டான்ஸ் மாஸ்டர், 'இப்பத்தான் அழகு, இப்படியே ஆடு' என்றார்.
குளிரில் விறைத்த அந்தப் பெண்ணின் கால்களுக்கு
அவ்வளவு வேகம் போதுமாயிருந்தது.
நான் சொல்லியிருக்கலாம்.
நாளுக்கு எழுபது ரூபாய் வாடகை.
சொல்லவில்லை.

படம் ஊட்டிக்கு வர எட்டு மாதம்.
காய்கறி லாரியில் இருபது பேர் போனோம்.
பாட்டு வந்தது.
முதல் வரியில் உதடும் குரலும் சேர்ந்து கிளம்பின.
மூன்றாம் வரியில் உதடு பின்தங்கியது,
இறங்கவேண்டிய ஸ்டேஷனைத் தூக்கத்தில் விட்டவள் மாதிரி.
அடுத்த கணம் அவள் இல்லை.

ஓடை. ஈரச் சாக்கு. மாதியின் முதுகு.

மறுபடி அவள், இரண்டு வரி, மறுபடி பிசகு,
மறுபடி நாங்கள்:
வளைவில் ரயில் விட்டுப்போன புகை,
சிரிக்காமல் நேரே பார்த்து நிற்கிற புஷ்பகாந்தி.
கடைசி நாள் மிச்ச ஃபிலிமில்
கேமராக்காரர் சும்மா எடுத்துப்போனவை.
பம்பாயில் யாரோ ஒரு எடிட்டர்
முகம் தெரியாத என்னைத் திட்டித் திட்டி
உதடு விலகிய இடத்தையெல்லாம்
எங்கள் பள்ளத்தை வைத்து அடைத்திருக்கிறார்.

அடகுக்கடை சேட் பத்திரிகை பார்த்துச் சொன்னார்:
'மெட்டு பழசாம். மலையைக் காட்டின விதம்தான் புதுசாம்.'

ரெக்கார்டு போஜனின் டீக்கடைக்கு வந்தபோது
எல்லோருக்கும் ஏமாற்றம்.
பல்லவியில் தொடங்கியதே தப்பாகத் தெரிந்தது.
'யாரு துரத்துறா இவனை?' என்றாள் மாதி.
போஜன் கிளாஸ் கழுவிய கையைத் துடைத்து
சுற்றும் தட்டின் ஓரத்தில்
கட்டைவிரலை லேசாக வைத்தார்.

குரல் இறங்கியது.
நாலு மணி ஆயிற்று கடைக்குள்.

'விரலை எடுத்துடாதீங்க' என்றாள் புஷ்பகாந்தி.

பம்பாயிலிருந்து இரண்டு நாள் வாடகை
இன்னும் வரவேண்டியிருக்கிறது.
நான் கேட்கவில்லை.