இன்னும் ஒன்றுதான்

டில்ருக்ஷி போன பிறகும்
அவள் குரல் கதிரையில் கிடக்கிறது:
"தவ எக்கய்." இன்னும் ஒன்றுதான்.
பொய்.

கை ஊன்றாமல் எழும்ப வேண்டும்.
எட்டாவதில் முழங்கால் ஏதோ முனகுகிறது.
ஒன்பதில் நானும்,
அச்சில் ஏறாத சொல்.

ரொறன்ரோவிலிருந்து மகன்:
"அம்மா, இருந்து கதையுங்கோ."
சமையலறைச் சிங்க்கைப் பிடித்தபடி
ஒற்றைக்காலில் நின்று
"இருக்கிறன் ராசா" என்றேன்.

வியாழக்கிழமை லிஃப்ட் பழுது.
மூன்று மாடி, ஐம்பத்து நாலு படி,
வெள்ளவத்தை வெயில்.

காலி வீதியில் நூறாம் நம்பர் பஸ்
நின்றும் நிற்காமலும் நின்றது.
மிதிபலகை முழங்கால் உயரத்தில்.

கொண்டக்டர் கை நீட்டினான்,
தூக்கிவிட.
சில்லறையை அதில் வைத்துவிட்டு
ஏறினேன்.