வலப்பக்கத்து மீசை

மார்த்தாண்டத்துக் கடையில் பெர்ஜின்
என் பழைய முன்டயரைக் கழற்றி
மடியில் வைத்து உருட்டிப் பார்த்தான்,
எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர் எக்ஸ்ரே பார்ப்பதுபோல்,
ஒன்றும் சொல்லாமல்
தேவைக்குக் கொஞ்சம் அதிக நேரம்.

நடுவெல்லாம் வழுவழுப்பு.
ஓரத்துக் கட்டைகளில் மட்டும்
அச்சிலிருந்து பிறந்தபோதே முளைத்த
ரப்பர் மீசை
இரண்டு பக்கமும் அப்படியே.

"அக்கா, நீங்க சாய்ச்சு ஓட்டினதே இல்லியா?"

மூன்று வருடம்.
குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்கு
எஸ்டேட் வழியே, ஞாயிறு ஆராதனைக்கு முன்பு.
அத்தனையையும் ஒரு நிமிடத்தில் வாசித்துவிட்டான்.

விழுந்த இடத்தைச் சொன்னேன்.
நாலாம் பிளாக் இறக்கம், வலது வளைவு.
இரவெல்லாம் மழை.
பிளாஸ்டிக் பாவாடை கட்டிய மரங்கள்,
செம்மண்மேல் இலை, இலைக்கடியில் ரப்பர் விதை.
பிரேக்கை இறுக்கினேன். நிமிர்ந்தே இருந்தேன்.
முன்சக்கரம் மட்டும்
தனக்கு வேறெங்கோ சோலி இருப்பதுபோல் போய்விட்டது.
பால் எடுக்க வந்த ரெத்தினபாய்
சிரட்டையைப் போட்டுவிட்டு ஓடி வந்து
முதலில் சைக்கிளைத் தூக்கினாள்.

அவன் இரண்டு டயர் எடுத்து வைத்தான்.
ஒன்றில் கட்டைகள் நெருக்கம், குட்டை.
"ரோட்டுல பறக்கும், நம்ம மண்ணுல நம்பாதீங்க."
மற்றதில் அகலம், உயரம்.
"சேறு ஏறினா உதறிரும் கேட்டியளா."

நான் ரத்தம் எடுக்கிறவள்.
நரம்பு தேடும் பெருவிரலை
ஒரு கட்டையில் அழுத்தினேன். விறைத்தது.
அடுத்ததில் நகம் புதைந்தது;
எடுத்த பிறகும் அவசரப்படாமல்
மெல்ல எழுந்து வந்தது பள்ளம்.

"அது முன்னால. கட்டியானது பின்னால.
பின்சக்கரம் வழுக்கினா பயம் வரும்,
முன்சக்கரம் வழுக்கினா
நீங்களே உங்க ரத்தத்த எடுக்கணும்."

விலையைக் கேட்ட ஷெல்டன் போனில் சொன்னார்:
அந்தக் காசுக்கு ஸ்கூட்டருக்கு இரண்டு டயர்.
நான் பணம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஓட்டை அடைக்க உள்ளே ஊற்றும் வெள்ளைப் பால்.
மூடியைத் திறந்ததும் அமோனியா.
எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓசியில் நாறுவது
இங்கே பாட்டிலில் முந்நூறு ரூபாய்.

பிறகு விரலால் டயரில் கோடு போட்டான்:
"இது நடு. இது தோள்.
இடையில பாருங்க, ஓடை மாதிரி காலி.
பாதி சாய்ச்சா அந்தக் காலியில நிப்பீங்க.
நெஞ்சு பக்குன்னு இருக்கும்.
அங்க பயந்து நிமிந்தா போச்சு.
இன்னும் கொஞ்சம் சாயணும்.
தோள் வந்து பிடிச்சுக்கிடும்."

காற்றை நாற்பதிலிருந்து இருபத்துநாலுக்கு இறக்கினான்.
கல்லாக இருந்தால் பத்திரம் என்றுதான்
இத்தனை நாள் அடித்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு. கால்வாய்க் கரை தாண்டி முதல் இடது வளைவு.
வெளிக்காலைத் தாழ்த்தி
கண்ணை வளைவின் அந்தப் பக்கம் வைத்து
சைக்கிளைச் சாய்த்தேன்.
வந்தது அந்தக் காலி.
மண்ணும் இல்லை டயரும் இல்லை,
என் எடை மட்டும், ஒரு மூச்சளவு.
கைகள் நிமிரக் கெஞ்சின.
இன்னும் கொஞ்சம்.

புதுத் துணி கிழிகிற சத்தத்தோடு
பிடித்தது.

அடுத்த இடதும். அதற்கடுத்த இடதும்.
யாருமில்லாத காட்டில் சத்தமாகச் சிரித்தேன்;
ஒரு மலையணில் கிளை மாறியது.

நாலாம் பிளாக்.
இறங்கி உருட்டினேன்.

"பஞ்சராக்கும்?" என்றாள் ரெத்தினபாய்,
கத்தியை மரத்திலிருந்து எடுக்காமல்.
"ஆமா" என்றேன்.
அவள் காற்று நிறைந்த இரண்டு சக்கரத்தையும் பார்த்தாள்,
பிறகு கவனமாக மரத்தைப் பார்த்தாள்.

மாலையில் சேறு கழுவும்போது தடவிப் பார்க்கிறேன்.
இடப்பக்கம் சுத்தமாக மழித்தாயிற்று.
வலப்பக்கம்
ஒவ்வொரு மீசையும் விரலில் குத்துகிறது.