குளிரில் ஓடாத பெட்டி

மூன்றாவது தடவையாக இறங்கி வந்திருக்கிறது.
இருபது கொண்டை ஊசி வளைவும்
பெர்னதெத்தின் மடியில்,
போர்வையில் சுற்றி.
கண்டக்டர் அரை டிக்கெட் கேட்டாராம்.

"போன வாட்டியும் இங்க பாடுச்சு.
மேல போனா நோ டிஸ்க்னு எழுதுது."

அம்மாப்பேட்டையில், என் மேசைமேல் வைத்து
பிளக்கைச் செருகுகிறேன்.
தட்டு நாக்கை நீட்டுகிறது, உள்ளிழுக்கிறது,
ஒரு சுற்று, இன்னொரு சுற்று,
பாடுகிறது.
அவள் என்னைப் பார்க்கிறாள். பிறகு பெட்டியை,
பொய்ச்சாட்சி சொன்ன பிள்ளையைப் பார்ப்பதுபோல.

பாடுகிறது என்றுதான் சொன்னேன்,
கேட்கிறது என்று சொல்லவில்லை.
சுவருக்கு அந்தப் பக்கம் துளசிராம் தறிக்கூடம்.
பதினாறு விசைத்தறி.
ஓசை சுத்தமா என்று பார்க்க
ஸ்பீக்கர் வலையில் காதை ஒட்டவேண்டும்.
தறி நின்றால் நன்றாகக் கேட்கும்.
தறி நின்றால் கரண்ட் போயிருக்கும்.
பதினோரு வருஷமாக இந்த நியாயத்தில்தான்
கடை நடத்துகிறேன்.

முதல் தடவை பெல்ட் மாற்றினேன்.
பழையது தார்போல் உருகி விரலில் ஒட்டியது,
மூன்று நாள் சோற்றில் அதன் வாசனை.
இரண்டாம் தடவை லென்ஸ்.
கொத்தமல்லி விதையளவு கண்ணாடி,
ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு,
துடைத்து முடிக்கும்வரை மூச்சு விடவில்லை.
இரண்டுக்கும் காசு வாங்கியாயிற்று.
இனி எந்த முகத்தோடு கேட்பது?

"மேல எந்நேரம் போடுவீங்க?"

"நாலரைக்கு, அடுப்பு பத்தவச்சதும்.
எஸ்டேட் ஆளுங்க ஆறு மணிக்கெல்லாம் வந்துடுவாங்க.
பாட்டு இல்லாம எனக்கு மாவு ஊத்தக் கை வராதுங்க அக்கா."

"அந்நேரம் பனி இருக்குமே?"

"இருக்குமாவா?
கதவத் தொறந்தா அதுதான் மொத கஸ்டமர்."

அங்கே பிடிபட்டது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு
தெருமுனை நசீர் கடைக்கு நடந்தேன்.
"ஒரு மணி நேரம் உள்ள வைக்கணும்."
"ஐஸ் பெட்டியிலயா?"
"வேணாம். ஏற்காடு அவ்வளவு ஒண்ணும் குளிராது.
சோடா அலமாரி போதும்."
பன்னீர் சோடாவை நகர்த்தி
பிளாஸ்டிக் பையில் கட்டிய பெட்டியை உட்காரவைத்தான்.
சோடா கேட்டு வந்தவர்கள் எல்லாம்
என்ன விலை என்று அதைக் கேட்டார்கள்.

திரும்பக் கொண்டுவந்து போட்டால்
சுற்றுகிறது, தேடுகிறது,
தொண்டை கட்டினவன்போல் டக் டக் என்கிறது,
நோ டிஸ்க்.
ஒரு கோளாறைக் கண்டு
இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை நான்.

லென்ஸ் நகரும் தண்டவாளத்தில் பழைய கிரீஸ்.
சேலத்து வெயிலில் இளகி வழிவிடும்.
குளிர்ந்தால்
மார்கழித் தேங்காயெண்ணெய்.
கண் நன்றாய்த்தான் இருந்தது,
கால்தான் விறைத்துப்போயிருந்தது.
இரண்டு தடவை கழற்றியும்
அந்த இரண்டு அங்குலத்தைப் பார்க்காமல் விட்டது நான்தான்.

பல்குச்சியில் துணி சுற்றி வழித்தெடுத்தேன்.
அரிசிமணி அளவு புது கிரீஸ்.
மறுபடி சோடா அலமாரி, மறுபடி மேசை.
பாடிற்று.
காசு வேண்டாம் என்றேன்.
அவள் மிளகுப் பொட்டலம் ஒன்றை மேசையில் வைத்து
கடைசி பஸ்ஸுக்கு ஓடினாள்.

விடியுமுன் போன் அடிக்கிறது.
"அக்கா, கேக்குதா?"
கேட்கவில்லை. துளசிராமுக்கு நைட் ஷிப்ட்.
படுக்கை, சுவர், டம்ளர் எல்லாம் தறி ஆடுகிறது.
"கேக்குதா?"
"இல்ல, இரு..."

கரண்ட் போனது.
பதினாறு தறியும் ஒரே மூச்சில் நின்றன.
இருட்டு.

மலையில் கரண்ட் இருக்கிறது.

இட்லிப் பானை மூடியின் சத்தம்,
யாரோ இருமுவது,
அதற்கெல்லாம் பின்னால்
நடுக்கமில்லாத ஒரு பெண்குரல், கூடவே வயலின்.
இரண்டாம் வரியில் சின்னதாய் ஒரு தாவல்.

அது தட்டின் கீறல், என் வேலையில் குறையில்லை
என்று சொல்ல வாயெடுத்தேன்.
மாவு ஊற்றிக்கொண்டே
பெர்னதெத்தும் கூடப் பாடிக்கொண்டிருந்தாள்,
சரியாக அந்த இடத்தில்
அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டு.