தலை தேடியது

பாகம் பிரித்ததில்
என்ஜின் அவனுக்கு, ட்ரெய்லர் எனக்கு.
நாற்பதடி நீளம், மூன்று அச்சு, பன்னிரண்டு டயர்,
அதில் நாலு மொட்டை.
அவன் பெயர் அர்த்தநாரி.
திருச்செங்கோட்டு மலையில் முடியெடுத்து வைத்த பெயர்.
ஆளுக்குப் பாதி என்று பேசி முடித்தவர்கள்
யாரும் சிரிக்கவில்லை.
நான்தான் கொஞ்சம் சிரித்தேன்.

வைகுந்தம் சுங்கச்சாவடிக்குப் பின்னால்
வாடகைக் காலியிடத்தில்
இரண்டு இரும்புக்காலை ஊன்றிக்கொண்டு
பதினான்கு மாதம் தலையில்லாமல் நின்றது.
அடியில் முளைத்த சீமைக்கருவேல்
அச்சுவரைக்கும் வந்துவிட்டது.
தவணைக்காரர் மட்டும்
மாதம் தவறாமல் அதை வண்டி என்றே சொன்னார்.

தரகர் குப்புராஜ் மூன்று தலை காட்டினார்.

கொண்டலாம்பட்டியில் முதலாவது.
புதுப் பெயின்ட், கண்ணாடியில் சந்தனம் காயவில்லை.
"இருநூத்தி எண்பது குதிரைங்கம்மா,
மலையவே கட்டி இழுக்கும்."
எந்த மலை என்றேன்.
வெயில் புகைக்கு அப்பால்
சேர்வராயனைக் கை காட்டினார்.
அது அங்கேயே இருக்கட்டும்.
எனக்கு இழுக்க வேண்டியது
உருக்காலைச் சுருள், இருபத்தைந்து டன்.

இரண்டாவதுக்கு டேப்பைப் பிடித்துப் பார்த்தேன்.
டர்ன்டேபிள் ஆறு அங்குலம் உயரம்.
மாட்டினால் ட்ரெய்லர் மூக்கைத் தூக்கிக்கொண்டு நடக்கும்,
பின் அச்சு அழும்.
மூக்கைத் தூக்கி நடந்த வீட்டில்
ஒன்பது வருஷம் பின் அச்சாக இருந்தாயிற்று.
அடுத்ததைக் காட்டுங்கள் என்றேன்.

மூன்றாவது வெளிறிய நீலம்.
கேபினில் யாருடைய பீடி வாசமோ.
ஓட்டுநர் படுக்கைக்கு மேல்
எவர் பிள்ளையோ எழுதிப் பழகிய ஒன்பதாம் வாய்ப்பாடு,
ஒன்பதேழு அறுபத்தி நாலு.
குப்புராஜே அதைப் பற்றி அதிகம் பேசவில்லை.

அம்மாப்பேட்டை மெக்கானிக் சாதிக் பாயைக் கூட்டிவந்தேன்.
"இழுக்கறதுக்கு எந்தக் கழுதையும் போதுங்க்கா,
நிக்கிறதுதான் வண்டி" என்றார்.
அவர் மச்சானின் சுமை ட்ரெய்லரை மாட்டி
தொப்பூர் ஏறி, மேலே திருப்பி,
இறங்கத் தொடங்கினோம்.

இந்த இறக்கத்தில்தான் அர்த்தநாரி
நியூட்ரலில் விடுவான்.
டீசல் மிச்சம், ஒரு நடைக்கு முந்நூறு.
நோட்டில் வரவு எழுதியது என் கைதான்.
எதை வைத்து அந்த மிச்சம் என்று
அப்போது நான் கேட்கவில்லை.

மூன்றாம் கியர்.
எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டதும்
வண்டி இருமியது,
பிறகு முனகியது,
முனகிக்கொண்டே முப்பதில் நின்றது.
முதுகில் அத்தனை டன் முட்டித் தள்ளியும்
முப்பத்தொன்றுக்குப் போகவில்லை.
வளைவில் ஒரு லாரி சாய்ந்து கிடந்தது,
ரோடெல்லாம் தக்காளி,
ஆட்கள் கூடையோடு ஓடி வந்துகொண்டிருந்தார்கள்.
சாதிக் பாய் திரும்பிப் பார்க்கவில்லை.
நான் பார்த்தேன்.

அடிவாரத்தில் இறங்கி
பிரேக் டிரம்மில் புறங்கையை வைத்தேன்.
சூடுதான்.
கை வைக்க முடிகிற சூடு.

பதினேழே முக்கால்.
கால் குறைக்க ஒரு மணி நேரம், இரண்டு டீ.

கருவேலை வெட்டிவிட்டு
பின்னால் வந்து, வந்து, வந்து,
கிங் பின் வாய்க்குள் போனது.
டொக்.
"சேந்துருச்சுங்கம்மா" என்று
குப்புராஜ் கையெடுத்துக் கும்பிட்டார்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு அடியில் படுத்தேன்.
சத்தத்தை மட்டும் கேட்டு
சேர்ந்துவிட்டது என்று ஒருமுறை நம்பியிருக்கிறேன்,
அது கெட்டிமேளம்.
தாடை மூடியிருக்கிறதா,
பூட்டுக்கம்பி உட்கார்ந்திருக்கிறதா,
தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிறதா.
தெரியவில்லை.
எழுந்தபோது கன்னமெல்லாம் கிரீஸ்.

சிவப்புக் குழாய், மஞ்சள் குழாய், விளக்குக் கேபிள்.
இரும்புக்காலை மேலே ஏற்ற
கைப்பிடியை அறுபத்தி மூன்று சுற்று சுற்றினேன்,
ஒன்பதேழு.

இடது இண்டிகேட்டர் மட்டும் எரியவில்லை.
"வலது பக்கமாவே திரும்பிப் போயிடலாங்கம்மா"
என்றார் குப்புராஜ்.
பல்பு வாங்க அவரையே அனுப்பினேன்.