மூன்று இருபது

முதல் இரவு மூன்று இருபதுக்குத்
திரை தானாக விழித்தது.
நீல வெளிச்சம் அறையைக் காட்டிக்கொடுத்தது:
நாற்காலியில் காயும் காலுறைகள்,
நேற்று உடைத்த அக்ரூட் ஓடுகள்,
திவானில் எத்தேரி, அவளுடைய திறந்த கண்கள்.
"லாமாரா, இந்நேரத்துக்கு என்ன பார்க்கிறாய்?"
என் கைகள் இரண்டும் போர்வைக்குள் இருந்தன.
அதையே சாட்சியாகச் சொன்னேன்.
அக்கா நம்பவில்லை.

குதாயிசியில், ரியோனி ஆறு இரையும் தெருவில்
எங்கள் இருவருக்கும் இருப்பது ஓர் அறை.
கணினி பழசு.
அணைத்துவிட்டால் எழுந்து வரப் பதினோரு நிமிடம்.
எட்டு மணிக்குள் சுங்கத்துக்குத் தாள் அனுப்ப வேண்டியவள் நான்.
அதனால் அணைப்பதில்லை, உறங்க வைக்கிறேன்.
உறக்கம் என்பது மரியாதைக்குச் சொல்வது.
தூங்குவதுபோல் நடிப்பவனை எழுப்ப முடியாது என்பார்கள்.
இதுவும் நடிக்கிறது,
எழுப்ப ஒரு தும்மல் போதும்.

கறுப்புச் சன்னலைத் திறந்து தட்டினேன்:
உன்னைக் கடைசியாக எழுப்பியது யார்?
தெரியாது என்றது.
முதலில் கடிகாரங்களைப் பிடித்தேன்.
நள்ளிரவில் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் ஒரு வேலை
உள்ளே ஒளிந்திருந்தது. வெட்டினேன்.
அடுத்தது வலைக் கம்பி.
தொலைவிலிருந்து யாராவது ஒரு பொட்டலம் அனுப்பினால்
உறங்கும் இயந்திரம் எழுந்துவிடுமாம்.
எங்களுக்குத் தொலைவில் யாரும் இல்லை.
இருந்தும் அந்த அனுமதியைப் பிடுங்கினேன்.

மூன்று இருபது. நீலம்.

"தூக்கத்தில் நடக்கிறாய்" என்றாள் எத்தேரி.
பகல் முழுக்க வார்டில் ஊசி போட்டுவிட்டு வந்தவள்.
"நீதான் எழுந்து
ஜும்பெர் ஏதாவது எழுதினானா என்று பார்க்கிறாய்" என்றேன்.
சொல்லியிருக்கக் கூடாது.
இரண்டு நாள், ரொட்டியை வெட்டி
என் பக்கம் தள்ளிவைத்தாள், பேச்சில்லாமல்.

திங்கள் அதிகாலை அது விழிக்கவில்லை.
நான் விழித்துக்கொண்டு கிடந்தேன்.
செவ்வாய் விழித்தது. புதன், வியாழன்.
மறு திங்கள் மறுபடி அசையவில்லை.
திங்கட்கிழமை விரதம் பிடிக்கிற இயந்திரம் உண்டா?

செவ்வாய்க்கிழமை கறுப்புச் சன்னல் வாயைத் திறந்தது.
எழுப்பியது: சுட்டி.
யார் கையும் படாத சுட்டி.
மறுநாள் மேசைமேல் உள்ளங்கையை வைத்துக் காத்திருந்தேன்.
மூன்று பத்தொன்பது. ஒன்றுமில்லை.
பிறகு மரத்துக்குள் ஒரு நடுக்கம்,
பல்வலி தொடங்கும்போது வருமே, அப்படி.

கீழே யாசோனின் ரொட்டிக்கடை.
மாவு பிசையப் புது இயந்திரம் வாங்கியதைப்
படியில் நிறுத்திவைத்துச் சொன்னவன்.
திங்கள் அவனுக்கு விடுமுறை.
மாவு புரளப் புரளச் சுவர் அதிர்ந்து,
மேசை அதிர்ந்து,
சுட்டி ஒரு மயிரிழை நகர,
இது "கூப்பிட்டீர்களா" என்று எழுந்து நிற்கிறது.
எங்கள் வீட்டில் பணிவுள்ளது இது ஒன்றுதான்.

எத்தேரிக்கு விளக்க ஆரம்பித்தேன்:
சாதனங்களின் பட்டியல், அதில் சுட்டி,
அதன் பண்புகள், மின்சாரப் பக்கம்,
அங்கே சின்னதாக ஒரு கட்டம்,
கட்டத்துக்குள் இருக்கும் குறியை
அவள் முழுதாகக் கேட்கவில்லை.
எழுந்து வந்தாள்.
கரப்பானைப் புரட்டுவதுபோல்
சுட்டியை மல்லாத்திப் போட்டாள்.
போய்ப் படுத்தாள்.

இன்று மூன்று இருபது.
நீலம் இல்லை.
மல்லாந்த சுட்டியின் சிவப்பு
கூரையில் மங்கலாக, ஒரு மாதுளை அளவுக்கு.
அது நடுங்கத் தொடங்குகிறது.
திவானில் மூச்சு மாறுகிறது.
அவளும் பார்க்கிறாள்.

ஜும்பெரைப் பற்றிச் சொன்னதற்கு
இப்போது நான் ஏதாவது சொல்லலாம்.

கீழே மாவு திரள்கிறது.